தடைப் பட்டியலில் இல்லாத பொருள்

வவுனியா
09.01.1994

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்களும் அத்தானும் யதுர்ஷிகாவும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். என் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. மனதுதான் சரியில்லை.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஆண்டியப்பன் ஐயா போன கிழமை காலமாகிவிட்டார். கன்னத்தில் புற்று. சிங்களம் பேச ஆள் வேண்டுமென்று, கொழும்பு ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஒவ்வொரு முறையும் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைப் படை. அதை அவர் கவனிக்கவில்லை. பிறகு ஆறாத ஒரு சின்னப் புண். அதையும் கவனிக்கவில்லை. கடைசியில் கன்னத்தில் ஓட்டை விழுந்து, குடித்த தண்ணீர் வெளியே வந்தது.

அந்த வார்ட்டில் தோட்டத்துப் பெண்களும் வயல் கமக்காரரும் சிங்கள ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒரே மாதிரி வாயை லேஞ்சியால் பொத்திக்கொண்டு இருந்தார்கள். டொக்டர் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது, "வெற்றிலையோடு புகையிலை போடுவதுண்டா?" என்றுதான். எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது.

எங்களைப் பெற்ற அப்பு தொண்டை அடைத்துச் செத்ததை நாம் இன்னும் காய்ச்சல் என்றே சொல்லி வருகிறோம். அவர் வாயிலிருந்து சுருட்டு இறங்கிய நாள் உண்டா? அக்கா, தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்து உங்கள் வாய்க்குள் ஒரு முறை பாருங்கள்.

பதிலை எதிர்பார்த்திருக்கும் தம்பி,
தயாபரன்

அக்கராயன்
02.02.1994

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. குண்டு போடப் பொம்பர் வரும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் நாங்கள் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? இல்லையென்றுதான் நினைக்கிறேன்.

ஆண்டியப்பன் ஐயாவை நினைத்துக் கவலைப்பட்டேன். மிச்சத்தில் நீ வைத்த பிரசங்கத்தை வாசித்ததும் கவலை போய்க் கோபம் வந்துவிட்டது.

இங்கே மண்ணெண்ணெய்க்குத் தடை. பற்றரிக்குத் தடை. சவர்க்காரம், யூரியா, சைக்கிள் ரியூப் எல்லாவற்றுக்கும் தடை. அரசாங்கம் போட்டு வைத்திருக்கும் அந்த நீட்டுப் பட்டியலில் எவ்வளவு தேடினாலும் புகையிலை இல்லை. அது எங்கள் தோட்டத்தில் விளைகிறது. எந்தச் சோதனைச் சாவடியையும் தாண்டி வர வேண்டியதில்லை. அரசாங்கமே மறந்துபோன ஒன்றுக்கு என் சொந்தத் தம்பி தடை போடுகிறான்! உனக்கு உத்தியோகத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கட்டுமா?

வயலில் குனிந்து நிற்கும்போது பசித்தால் ஒரு துண்டை வாய்க்குள் அதக்குகிறேன். பின்னேரம் வரை தாங்கும். பங்கருக்குள் பயம் வந்தால் இன்னொரு துண்டு. உன் அறிவுரையை அதக்கினால் பசி ஆறுமா? சாவதற்கு இங்கே மேலேயிருந்து விழுவது இருக்கிறது, மலேரியா இருக்கிறது, வரம்பில் பாம்பு இருக்கிறது. இவை எல்லாம் வரிசையில் முன்னுக்கு நிற்கும்போது புகையிலைக்கு எப்போது முறை வரப்போகிறது?

அப்புவுக்கு வந்தது காய்ச்சல்தான். அந்தக் கதையை இனி எடுக்காதே. கண்ணாடி பிடித்துப் பல் பார்க்க நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?

ஒரு நல்ல செய்தி. யதுர்ஷிகாவுக்கு மாங்குளத்திலிருந்து பேச்சு வந்திருக்கிறது. பெடியன் பெயர் விஜிதரன். தகப்பன் சந்தியில் கடை வைத்திருக்கிறார். தாய் இலட்சுமி நல்ல வெற்றிலைக்காரியாம். எனக்கு அதிலேயே சம்பந்தம் பிடித்துவிட்டது.

உன்னை இடுப்பில் வைத்துச் சோறு தீத்திய அக்கா,
ஜெகதீஸ்வரி

வவுனியா
27.02.1994

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் சுகமென்று அறிந்து சந்தோஷம். நான் நேரத்துக்குத்தான் சாப்பிடுகிறேன். யதுர்ஷிகாவின் சம்பந்தம் சரிவரட்டும். தாய்மாமனாக வந்து முன்னுக்கு நிற்க வேட்டி இப்போதே வாங்கி வைத்துவிட்டேன்.

திட்டுவதில் உங்களை வெல்ல என்னால் முடியாது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வாய்க்குள் ஆறாத புண் ஏதும் இருக்கிறதா? ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல்லில் எழுதுங்கள். அடுத்த முறை ஆள் வரும்போது மிளகாய்த்தூளும் சவர்க்காரமும் கொடுத்துவிடவா?

அன்புத் தம்பி,
தயாபரன்

அக்கராயன்
30.04.1994

அன்புத் தம்பிக்கு,

கடிதம் பிந்திவிட்டது, கோபிக்காதே. இங்கு சுகத்துக்குக் குறைவில்லை. உனக்கும் அப்படியே இருக்கட்டும்.

புகையிலை வெட்டி முடிந்தது. இந்த முறை இலை நல்ல தடிப்பு. உன் அத்தான் இலை உணர்த்தும் கொட்டிலே கதியென்று கிடக்கிறார். வருஷப் பிறப்புக்கு முறுக்குச் சுட்டேன். நன்றாக இருந்ததென்று எல்லோரும் சொன்னார்கள்.

மாங்குளத்தாருக்குச் சாதகம் பொருந்திவிட்டது. ஆவணியில் சம்பந்தக் கலப்பு வைக்கலாம் என்கிறார்கள். யதுர்ஷிகா வெட்கத்தில் குசினியை விட்டு வெளியே வருவதில்லை.

மிளகாய்த்தூள் அனுப்ப வேண்டாம். இந்த வெயிலுக்கு உறைப்பு ஒத்துக்கொள்ளாது. கடைவாய்ப் பல்லொன்று கொஞ்சம் கரைச்சல் கொடுக்கிறது. அதற்கு வைத்தியம் என் மடியிலேயே இருக்கிறது, நீ யோசிக்காதே.

பக்கத்து வளவுச் சுப்பம்மாவை உனக்குத் தெரியும்தானே, மலையகத்திலிருந்து வந்து எங்களோடு வயல் வேலை செய்பவள். நன்றாகக் கஞ்சி காய்ச்சுவாள். அடிக்கடி வந்து காய்ச்சித் தருகிறாள். வவுனியாவிலுள்ள மகளைப் பார்க்க வருகிறாள். இந்தக் கடிதத்தை அவளிடம்தான் கொடுத்து விடுகிறேன். வாய் ஓயாமல் கதைப்பாள். எல்லாவற்றையும் நம்பாதே.

நீ ஏதோ ஒரு சொல்லில் கேட்டிருந்தாய். அது என்னவென்று மறந்துபோனேன்.

அக்கா,
ஜெகதீஸ்வரி

வவுனியா
11.05.1994

அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுத இன்று கை வரவில்லை. உங்கள் சுகம் எனக்குத் தெரிந்துவிட்டது.

சுப்பம்மா வந்தார். கடிதத்தைத் தந்துவிட்டு வாசலிலேயே நின்று அழுதார். "தம்பி, ஒங்கக்கா வாய இம்புட்டுத்தான் தொறக்கிறாங்க. சோறு எறங்கல. கஞ்சியத்தான் கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஊத்திக்கிறாங்க" என்றார். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். "தைக்கு முன்னாடியே புண்ணு இருந்திச்சு. பல்லு வலின்னு சொல்லிக்கிட்டு, பொயிலைய உருட்டி அந்தப் புண்ணு மேலயே வச்சிக்கிட்டுப் படுக்கிறாங்க. மரத்துப் போயிருதாம்."

அப்படியென்றால் என் முதல் கடிதம் வந்தபோதே உங்களுக்குப் புண் இருந்திருக்கிறது. மாடு, சந்தை என்று என்னைச் சிரிக்க வைத்துவிட்டு, அன்றைக்கும் அதன்மேல் புகையிலையை வைத்துக்கொண்டுதான் படுத்திருக்கிறீர்கள்.

அக்கா, நீங்கள் மருந்தென்று வைத்ததுதான் அந்தப் புண்ணை உண்டாக்கியது. அது நோவை மட்டும் மறைக்கிறது. புண் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது. வாய் திறக்க முடியாமல் போவது எதற்கு அறிகுறியென்று நான் அந்த வார்ட்டில் கண்ணால் பார்த்தேன். எனக்கு அம்மா முகம் ஞாபகமில்லை. அம்மா என்றால் எனக்கு உங்கள் முகம்தான். கோபத்தில் எழுதுகிறேன், பயத்திலும்தான்.

இந்தப் பக்கம் வர உடனே பாஸுக்கு எழுதிக் கொடுங்கள். நீங்கள் திரும்பி வருவீர்களென்று அத்தான் பிணை நிற்கட்டும். தாண்டிக்குளம் சாவடிக்கு இந்தப் பக்கம் நான் நிற்பேன்.

தயாபரன்

அக்கராயன்
03.07.1994

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் இரு.

சுப்பம்மாவோடு கொஞ்ச நாள் கோபமாக இருந்தேன். பிறகு கஞ்சி காய்ச்ச ஆள் வேண்டியிருந்தது, கதைத்துவிட்டேன்.

ஓம். புண் இருக்கிறது. நீ கேட்ட ஒரு சொல் இதுதானே? எடுத்துக்கொள்.

இனி நான் சொல்வதைக் கேள். தாய்க்குப் புற்று என்று ஒரு சொல் வெளியே போனால் மாங்குளத்தார் என்ன சொல்வார்கள் தெரியுமா? "பரம்பரை வருத்தம், அந்த நோய் பெட்டைக்கும் வரும்" என்பார்கள். தகப்பனுக்கும் அதுதான், மகளுக்கும் அதுதான் என்று அப்புவையும் கிளறி எடுப்பார்கள். அப்புவுக்குக் காய்ச்சல் என்று நான் ஏன் ஊருக்குச் சொன்னேன்? அப்போது எனக்குக் கலியாணம் பேசியிருந்தது. ஒரு பொய் சொல்லி நான் கரையேறினேன். என் பிள்ளையும் ஏறட்டும்.

கலியாணம் முடிந்த மறுநாள் நீ சொல்லும் ஆஸ்பத்திரிக்கு வருகிறேன். அதுவரை இந்தக் கதை வேண்டாம். என் வாய், என் புண்.

ஜெகதீஸ்வரி

வவுனியா
19.07.1994

அக்காவுக்கு,

நீங்கள் இருக்கிறீர்கள் என்பதே இப்போதைக்கு எனக்குச் சுகம்.

கலியாணத்துக்கு நான் வரமாட்டேன். தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் வேறு யாரையாவது நிறுத்திக்கொள்ளுங்கள். என் அக்கா செத்துக்கொண்டிருப்பதை மறைத்து நடக்கும் கலியாணத்தில் பட்டுவேட்டி கட்டிக்கொண்டு நிற்க எனக்கு முடியாது. அம்மாவைச் சாகவிட்டுத்தான் எனக்குத் தாலி ஏறியது என்று யதுர்ஷிகா ஒருநாள் அறிவாள். அப்போது அவளுக்கு நீங்கள் பதில் சொல்ல இருக்கமாட்டீர்கள். நான்தான் சொல்ல வேண்டும்.

அப்புவிடமிருந்து உங்களுக்கு வந்தது பழக்கம். அதைப் பரம்பரை வருத்தம் என்று நினைத்து ஒளிக்கிறீர்கள்.

தயாபரன்

அக்கராயன்
04.09.1994

அன்புத் தம்பி தயாபரனுக்கு,

நலமாயிரு. இங்கே எல்லோரும் இருக்கிறோம். என் நலத்தை இந்தக் கடிதம் முழுக்க எழுதப்போகிறேன்.

உன் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். போட்ட பிறகும் அது நெஞ்சில் அப்படியே கிடந்தது. அறுவான், எனக்கே எழுத்துப் படிப்பித்தவன் போல எழுதுகிறான் என்று உன்னைத் திட்டிக்கொண்டே சம்பந்தக் கலப்புக்குச் சமைத்தேன்.

மாங்குளத்தார் ட்ரக்டரில் வந்திறங்கினார்கள். பந்தியில் பரிமாறிக்கொண்டு நின்று தப்பிவிடலாம் என்பது என் எண்ணம். இலட்சுமி விடவில்லை. "இரண்டு வீடும் கலந்து சாப்பிடுறதுக்குத்தானே வந்தனாங்கள்? நீங்கள் இருந்தால்தான் நான் கை நனைப்பன்" என்று கையைப் பிடித்து இருத்திவிட்டா. கத்தரிக்காய்க் குழம்போடு ஒரு வாய் வைத்தேன். நெருப்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணீர் ஓடுகிறது. உன் அத்தான் அவசரப்பட்டு, "அவாவுக்குப் பல்லு நோ" என்றார். எப்படியோ தண்ணீரோடு இறக்கினேன்.

கை கழுவி முடிய வெற்றிலைத் தட்டம் வந்தது. இலட்சுமி தான் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தா. ஒரு துண்டுப் புகையிலையைக் கிள்ளி, உருட்டி, பிள்ளைக்குக் கொடுப்பது மாதிரி என்னிடம் நீட்டினா. "இதை நோகிற இடத்திலை வைச்சுக்கொண்டிருங்கோ. உடனே மரத்துப் போகும். நானும் கொஞ்ச நாளாய் இப்பிடித்தான் வைக்கிறன்."

தம்பி, என் கை நீளவில்லை. அந்த உருண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளைக்கு மாமியாக வரப்போகிறவள், அன்போடு, நான் செய்த அதே பிழையை எனக்கு மருந்தென்று தருகிறாள். அவளுக்கும் உள்ளே ஏதோ நோகிறது. நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் இரண்டு பேரும் போய்விடுவோம். அந்த நேரத்தில் எனக்கு ஒரு ஆத்திரம் வந்தது பார். எழும்பி நின்றேன்.

"இது பல்லு நோ இல்லை. என்ரை வாய்க்குள்ளை ஆறாத புண். புத்துநோய் எண்டுதான் நினைக்கிறன். நானே பொயிலையைப் போட்டுப் போட்டு வளத்தது. என்ரை அப்புவும் இதிலைதான் செத்தவர், காய்ச்சலிலை இல்லை. இது ஆரையும் தொத்தாது. என்ரை பிள்ளை பொயிலையைக் கையாலை தொட்டதும் இல்லை. விருப்பமெண்டால் கலியாணத்தை வையுங்கோ. இல்லாட்டி உங்கடை தட்டத்தை எடுத்துக்கொண்டு போங்கோ. நான் இனி ஒளிக்கமாட்டன்" என்று சொல்லி, திறக்க முடிந்த அளவுக்கு வாயைத் திறந்து காட்டினேன்.

பெடியனின் பெரியப்பா வீரகத்தி, "இப்பிடிக் குடும்பத்திலையோ எங்களைக் கொண்டுவந்து இருத்தினீங்கள்?" என்று எழும்பி வாசலில் செருப்பைத் தேடினார். யதுர்ஷிகா அறையிலிருந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். கையைப் பிடித்தாள்.

இலட்சுமி மட்டும் இருந்த இடத்தில் இருந்தா. விரலைவிட்டு வாயிலிருந்ததை வழித்துப் படிக்கத்தில் போட்டா. வாய் கொப்பளித்தா. பிறகு வெளிச்சத்துக்கு முகத்தைத் திருப்பி, "எங்கை, எனக்கும் ஒருக்காப் பாருங்கோ மச்சாள்" என்றா. மச்சாள் என்றா, தம்பி.

பார்த்தேன். கன்னத்துக்குள் வெள்ளைப் படை. நீ எழுதியிருந்த மாதிரியே. சொன்னேன். இலட்சுமி தட்டத்தைத் தள்ளி வைத்தா. "அப்ப ரெண்டுபேரும் போவம். பெடியனுக்கும் தாய் வேணும், பெட்டைக்கும் தாய் வேணும்" என்றா. வாசல் பக்கம் திரும்பி, "அண்ணை, செருப்பைப் பிறகு தேடலாம். பாயாசம் குடிச்சிட்டுப் போங்கோ" என்று ஒரு சத்தம் போட்டா. மனிதர் வந்து இருந்துவிட்டார்.

பாஸ் இரண்டு பேருக்கு எழுதியிருக்கிறோம். கலியாணம் மாசியில். தாய்மாமன் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினால் உன் காலை முறிப்பேன்.

அக்கா,
ஜெகதீஸ்வரி

வவுனியா
15.09.1994

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துச் சிரித்தேன், பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டேன். தாண்டிக்குளத்தில் மூட்டையை அவிழ்க்கச் சொல்வார்கள், பயப்பட வேண்டாம். யதுர்ஷிகாவின் மாமிக்கு என் வணக்கம். இருவரும் ஒரு துண்டுகூடக் கொண்டுவரக் கூடாது. சோதனைச் சாவடியில் விட்டாலும் நான் விடமாட்டேன்.

தயாபரன்

கொழும்பு
28.11.1994

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக வவுனியா போய்ச் சேர்ந்திருப்பாய். நான் சுகமா என்று கேட்டால் தலையை எப்படி ஆட்டுவதென்று தெரியவில்லை.

பேச வரவில்லை. அதனால் இனி என் சண்டையெல்லாம் கடுதாசியில்தான். நாடி எலும்பில் ஒரு பக்கம் எடுத்துவிட்டார்கள், கழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். குழாயால்தான் ஆகாரம். இனி அந்த இடத்துக்குக் கதிர் காட்டிக் கரண்ட் பிடிக்க வேண்டுமாம். திரும்ப வராதென்று டொக்டர் வாக்குத் தரவில்லை. வெள்ளைப் படையாக இருந்தபோதே வந்திருந்தால் இவ்வளவு வெட்ட வேண்டி வந்திருக்காதாம். இதை நீயும் கேட்டாய். எனக்கு மொழிபெயர்க்காமல் விட்டாய். பக்கத்துக் கட்டில் பிள்ளை சொல்லிவிட்டாள்.

முதல் முறை கண்ணாடி பார்த்தபோது அழுதேன். பயமாகவும் இருந்தது. இரண்டாம் முறை கோபம் வந்தது. என் வீட்டுத் தோட்டத்தில், என் கையால் தண்ணீர் வார்த்த செடி என் முகத்தைத் தின்றிருக்கிறது. பொம்பரைக் கண்டால் பங்கருக்குள் ஓடத் தெரிந்த எனக்கு இதற்கு ஒளிக்கத் தெரியவில்லை. இன்னும் ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. இவ்வளவுக்குப் பிறகும் புகையிலை மணம் ஆசையாக இருக்கிறது. நித்திரையில் அதக்குகிறேன். இருக்கட்டும். அது கேட்கட்டும், நான் கொடுக்கமாட்டேன்.

இலட்சுமி மச்சாளுக்கு எடுத்துப் பார்த்த தசையில் புற்று இல்லையாம். அறவே விட வேண்டும், தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது நாள் முழுக்க ஏலக்காயைச் சப்பிக்கொண்டு ஊரைத் திட்டுகிறாவாம்.

அக்கா,
ஜெகதீஸ்வரி

வவுனியா
06.03.1995

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? கழுத்துப் புண் காய்ந்துவிட்டதா? அடுத்த கிளினிக்குக்கு நானே வந்து கூட்டிப்போகிறேன்.

கலியாண வீட்டிலிருந்து வந்ததும் படச்சுருளைக் கழுவக் கொடுத்தேன். படங்கள் நன்றாக வந்திருக்கின்றன. படம் எடுத்த பெடியன் உங்களை "மற்றப் பக்கம் திரும்புங்கோ, மற்றப் பக்கம் திரும்புங்கோ" என்று கெஞ்சியும் நீங்கள் திரும்பாமல் நின்றது எல்லாப் படத்திலும் இருக்கிறது. தட்டத்தில் புகையிலை இல்லையென்று முறைத்துக்கொண்டிருக்கும் வீரகத்தியரும் ஒன்றில் இருக்கிறார்.

ஸ்ரூடியோக்காரர் ஒரு கதை சொன்னார். "மாஸ்ரர், அக்காவின்ரை கன்னத்திலை கொஞ்சம் மை வைச்சு நிரப்பித் தாறன். வெட்டினதே தெரியாது. பிள்ளையின்ரை கலியாணப் படமெல்லோ?" அவர் அன்பாகத்தான் சொன்னார். உங்களைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உங்கள் முகம், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்புத் தம்பி,
தயாபரன்

அக்கராயன்
24.03.1995

அன்புத் தம்பிக்கு,

கஞ்சி இறங்குகிறது, குழைத்த சோறும் இறங்குகிறது. நான் பேசினால் யதுர்ஷிகாவுக்கும் சுப்பம்மாவுக்கும் விளங்குகிறது. மற்றவர்கள் விளங்காத மாதிரிப் பாவனை செய்கிறார்கள், திட்டு வாங்குகிறவர்கள்தானே. நீ சாப்பாட்டைக் கவனி.

உன் அத்தான் இந்த முறை புகையிலை நடவில்லை. ஆனால் சுருட்டை விடவில்லை. வெறும் கொட்டிலுக்குப் பின்னால் ஒளித்திருந்து பிடிக்கிறார். புகை கூரைக்கு மேலால் வருவது எனக்குத் தெரியாதாம். அவரோடு இன்னும் யுத்தம்தான்; நான் விடுவதாக இல்லை.

மாங்குளத்துக் கடையிலும் அதே கதை. புகையிலையை நிறுத்தச் சொல்லி மச்சாள் சண்டை பிடித்தா. "நான் விக்காட்டிப் பக்கத்துக் கடையிலை வாங்குவினம்" என்று அவவின் மனிதர் அசையவில்லை. மச்சாளும் நானும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தோம்.

ஸ்ரூடியோக்காரரிடம் சொல், ஒரு பொட்டு மையும் வைக்கக் கூடாது. கன்னம் உள்வாங்கின பக்கம் நல்ல வெளிச்சமாகத் தெரிகிற படமொன்றைத் தெரிவு செய். எவ்வளவு பெரிதாக்க முடியுமோ அவ்வளவு பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, சாவடியில் உடையாத மாதிரிச் சுற்றி அனுப்பு. மச்சாள் அதைக் கடையில் புகையிலைக் கட்டு தொங்கும் இடத்துக்கு நேர் மேலே மாட்டப்போகிறா. ஆணி அடித்தாயிற்றாம். கடைக்காரர் கழற்றினால் அன்றைக்கு வீட்டில் உலை வைப்பதில்லையாம்.

வாங்குகிறவன் வாங்கட்டும். என் முகத்துக்குக் கீழே கையை நீட்டி வாங்கட்டும்.

உன் அக்கா,
ஜெகதீஸ்வரி